கடலை கொறிக்கவா கடல்?

காயல்பட்டினத்தில் ஒருவர், "சைக்கிள்ல தூத்துக்குடி போயிட்டு வந்தேன்" என்று சொன்னால் முதலில் வரும் கேள்வி, "ஏன் காக்கா, பஸ் ஓடலையா?" கடலில் ஒரு மணி நேரம் நீந்தினேன் என்றால் அடுத்த கேள்வி, "வீட்ல ஏதும் பிரச்சினையா?" இரண்டையும் செய்துவிட்டு அதற்கு மேல் திருச்செந்தூர் வரை ஓடிவிட்டும் வந்தேன் என்றால் கேள்வியே வராது. ஆள் கைவிட்டுப் போய்விட்டார் என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

ஆனால் உலகத்தில் லட்சக்கணக்கான பேர் இந்த மூன்றையும் ஒரே நாளில், ஒன்றன்பின் ஒன்றாக, காசு கட்டிச் செய்கிறார்கள். பெயர் டிரையத்லான். அதில் நெடுந்தூரம் என்று வந்தால் பொதுவாக இரண்டு அளவு. முழு அளவு என்றால் 3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், கடைசியில் 42.2 கி.மீ. ஓட்டம். பெரும்பாலான இடங்களில் 17 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். பாதி அளவு என்றால் 1.9 கி.மீ., 90 கி.மீ., 21.1 கி.மீ. இதற்கு எட்டரை மணி நேரம். முதன்முதலாக இறங்குபவர்கள் பாதி அளவில் தொடங்குவதுதான் புத்திசாலித்தனம்.

கிலோமீட்டரில் சொன்னால் மண்டையில் ஏறாது. ஊர்க் கணக்கில் பார்ப்போம். கடற்கரையில் இறங்கி கரையோரமாகவே 1.9 கி.மீ. நீந்தி எழ வேண்டும். ஈரம் காய்வதற்குள் சைக்கிள் ஏறி திருச்செந்தூர், குலசை, மணப்பாடு, கூடங்குளம் எல்லாம் தாண்டி கன்னியாகுமரியை நெருங்க வேண்டும். அது 90. பிறகு சைக்கிளைப் போட்டுவிட்டு, காயலிலிருந்து குலசேகரப்பட்டினம் எவ்வளவு தூரமோ ஏறத்தாழ அவ்வளவு தூரம் ஓட வேண்டும். அது 21. முழு அளவு என்றால் எல்லாவற்றையும் இரண்டால் பெருக்கிக் கொள்ளுங்கள்.

கவனித்தீர்களா? கடல், கிழக்குக் கடற்கரைச் சாலை, ஓட மணலும் தாரும் எல்லாமே வீட்டு வாசலில் இருக்கிறது. பெங்களூர்க்காரர் கடலில் நீந்திப் பழக வேண்டுமானால் ராத்திரி பஸ் பிடிக்க வேண்டும். காயல்காரர் செருப்பைக் கழற்றினால் போதும். அப்படியிருந்தும் இது ஏதோ ஐ.டி. கம்பெனி மேனேஜர்களின் விளையாட்டு, நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்ற நினைப்பு ஊரில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அந்த நினைப்புதான் இங்கே வழக்கில் நிற்கிறது. சைக்கிள் இல்லாததோ காசு இல்லாததோ இந்த ஊரைத் தடுக்கவில்லை. கடல் இருந்தும் கடலுக்குள் இறங்க யாரும் கற்றுத் தராததுதான் தடுக்கிறது. மற்றதெல்லாம் சாக்கு.

சாக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொள்ளலாம்.

சாக்கு 1: "அதெல்லாம் காசுக்காரன் விளையாட்டு"

முதல் 'அயர்ன்மேன்' போட்டி நடந்தது 1978 பிப்ரவரி 18, ஹவாயின் ஓவாஹு தீவில். நடத்தியவர் ஜான் காலின்ஸ் என்ற கடற்படை அதிகாரி. அந்தத் தீவில் ஏற்கனவே ஒரு நீச்சல் போட்டி, ஒரு சைக்கிள் போட்டி, ஒரு மாரத்தான் இருந்தன. மூன்றையும் கோர்த்து ஒரே நாளில் செய்தால் என்ன என்ற விவாதத்தில் பிறந்ததுதான் இது. கிளம்பியவர்கள் 15 பேர், முடித்தவர்கள் 12 பேர். ஜெயித்த கார்டன் ஹாலர் ஒரு டாக்சி ஓட்டுநர். நேரம் 11 மணி 46 நிமிடம். இரண்டாவது வந்தவருக்கு வழியில் தண்ணீர் தீர்ந்துபோக, உதவிக்கு வந்தவர்கள் பீரைக் கொடுத்து ஓட வைத்தார்கள் என்பது இன்றும் சிரித்துச் சொல்லும் கதை. ஸ்பான்சர், கார்பன் சைக்கிள், ஜி.பி.எஸ். வாட்ச் எதுவும் அன்று கிடையாது.

காசு பின்னால் வந்தது. 2015-ல் சீனாவின் வாண்டா குழுமம் இந்த அயர்ன்மேன் நிறுவனத்தை 65 கோடி டாலருக்கு வாங்கியது. 2020-ல் அமெரிக்காவின் அட்வான்ஸ் நிறுவனம் 73 கோடி டாலருக்கு அதை வாங்கிக் கொண்டது. அதாவது 'அயர்ன்மேன்' என்பது ஒரு வணிகச் சின்னம். அக்கவுண்டன்சி பாடத்தில் வரும் நற்பெயர், அதாவது குட்வில், அதற்குத்தான் அத்தனை விலை. நீந்துவதற்கும் மிதிப்பதற்கும் ஓடுவதற்கும் யாரும் காப்புரிமை வாங்கி வைக்கவில்லை. பெயரும் பதக்கமும் டி-ஷர்ட்டும் வேண்டும் என்றால்தான் பல ஆயிரம் ரூபாய் நுழைவுக் கட்டணம். தூரம் மட்டும் போதும் என்றால் கட்டணம் பூஜ்யம்.

செலவுப் பட்டியலையும் போட்டுவிடலாம். ஒரு நீச்சல் கண்ணாடி. ஒரு நல்ல ஓட்டக் காலணி. ஒரு ஹெல்மெட், இதில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. கியர் வைத்த ஒரு பழைய சைக்கிள், செகண்ட் ஹேண்டாக இருந்தாலும் சரி. இவ்வளவுதான் மூலதனச் செலவு. லட்ச ரூபாய் கார்பன் சைக்கிள் பல மணி நேரப் பந்தயத்தில் சில நிமிடங்களை மிச்சப்படுத்தும், மறுக்கவில்லை. ஆனால் முதல் முறை ஓடுபவருக்கு முதலிடமா கிடைக்கப் போகிறது? எட்டரை மணி நேரத்துக்குள் எல்லைக்கோட்டைத் தொட்டால் போதும். கல்யாணத்துக்கு வாங்கும் பைக்கின் விலையைப் பற்றி யோசிக்காத ஊர், இதற்கு மட்டும் "காசு" என்று சொல்வது வேடிக்கை.

உண்மையான செலவு நேரம். பாதி அளவுக்குத் தயாராக ஆறேழு மாதம், வாரத்துக்குச் சுமார் 8 முதல் 10 மணி நேரம் வேண்டும். வாரத்தில் மொத்தம் 168 மணி நேரம். 8 மணி என்பது அதில் 5 சதவீதம் கூட இல்லை. சாயங்காலமானால் கடற்கரை மணலில் வட்டமாக உட்கார்ந்து, கடலையும் பஜ்ஜியும் கொறித்துக்கொண்டு, துபாய் விசாவிலிருந்து ஹாங்காங் வியாபாரம் வரை அலசி முடிக்கும் நேரம் நாளுக்கு இரண்டு மணி என்று வையுங்கள். வாரத்துக்கு 14 மணி! அரட்டையை நிறுத்தச் சொல்லவில்லை. அது ஊரின் அழகு. அதில் பாதிக்குக் கொஞ்சம் மேல் எழுந்து நின்று செலவழித்தால் போதும் என்பதுதான் கணக்கு.

சாக்கு 2: "நம்ம ஊருக்குப் பழக்கமில்லாத சமாச்சாரம்"

இதைச் சொல்லும்போது கொஞ்சம் கூச வேண்டும். இந்தக் கரைக்குப் பெயரே முத்துக்குளித்துறை. கொற்கை, பழையகாயல், காயல்பட்டினம், தூத்துக்குடி, கீழக்கரை என்று இந்த நெடுங்கரை முழுவதும் மூச்சை விற்றுப் பிழைத்த கரை. பரதவர்களும் முஸ்லிம்களும் இதே மன்னார் வளைகுடாவில் காலில் கல்லைக் கட்டிக்கொண்டு ஐந்து பாகம், எட்டு பாகம் ஆழத்துக்கு இறங்கி, ஒரு நிமிடத்தை ஒட்டி மூச்சடக்கி, சிப்பியை வாரிக்கொண்டு மேலே வந்தார்கள். ஒரு நாளைக்கு ஒரு தடவை இல்லை, பல பத்துத் தடவை. ஆக்சிஜன் சிலிண்டர் இல்லை, கோச் இல்லை, டயட் சார்ட்டும் இல்லை. தூத்துக்குடியில் கடைசியாகப் பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். அதற்குப் பிறகு சிப்பிப் படுகை கைகொடுக்கவில்லை. ஆனால் சங்கு குளிப்பவர்கள் இன்றும் தூத்துக்குடியில் இருக்கிறார்கள்.

அந்தக் கரையில் பிறந்து வளர்ந்து, டிகிரி முடித்து, சபுராளியாகக் கடல் தாண்டிப் போய்ச் சம்பாதித்து வரும் எத்தனை பேருக்கு இடுப்பளவுத் தண்ணீருக்கு மேல் போகத் தைரியம் உண்டு? அலையில் கால் நனைப்பதற்குப் பெயர் நீச்சல் இல்லை. அரை நூற்றாண்டுக்கு மேல் கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டு, "பழக்கமில்லை" என்று சொல்வது நியாயமா?

உடம்பு இல்லை என்றும் சொல்ல முடியாது. காயல்பட்டினம் கால்பந்து ஊர். மவ்லானா அபுல் கலாம் ஆஸாத் பெயரில் அகில இந்தியக் கால்பந்துப் போட்டியை வருடக்கணக்காக நடத்தி வரும் ஊர். தொண்ணூறு நிமிடம் மைதானத்தில் ஓடும் கால்களுக்கு 21 கி.மீ. ஒன்றும் அந்நியமில்லை, முறையாகக் கூட்டிக்கொண்டே போனால். பொறுமையும் இல்லாமல் இல்லை. நோன்பு மாதத்தில் பகல் முழுக்க ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் இருந்து, அன்றாட வேலையையும் பார்க்கும் ஊருக்குத் தாங்கும் சக்தியைப் பற்றி யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. மூன்றில் இரண்டு ஏற்கனவே கையில் இருக்கிறது. இல்லாதது மூன்றாவது மட்டும். அதுவும் எது? கடற்கரை ஊரில் நீச்சல்! சொன்னால் வெளியூர்க்காரர் நம்ப மாட்டார்.

சாக்கு 3: "கடல் ஆபத்து, உயிர் போயிடும்"

மூன்றில் இது ஒன்றுதான் மதிக்க வேண்டிய வாதம். பிள்ளையைப் பெற்றவர்கள் சொல்லும் வாதம். ஆகவே இதை ஒதுக்கிவிட்டுப் போகாமல் நேராகவே பார்க்க வேண்டும்.

ஆம், ஆபத்து உண்டு. அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை நடந்த டிரையத்லான் போட்டிகளை ஆராய்ந்து 2017-ல் ஒரு மருத்துவ ஆய்வு வெளிவந்தது. 90 லட்சத்துக்கும் மேற்பட்ட பங்கேற்புகளில், உயிரிழந்தவர்கள், இதயம் நின்று காப்பாற்றப்பட்டவர்கள் எல்லாம் சேர்த்து 135 பேர். அதில் 90 பேருக்கு நீச்சல் பகுதியில்தான் நேர்ந்தது. சைக்கிளில் இல்லை, வெயிலில் ஓடும்போதும் இல்லை, தண்ணீரில். அனுபவ விவரம் தெரிந்தவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால், ஐந்தில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கு அதுதான் முதல் டிரையத்லான்.

பாக்கு நீரிணையைத் தாண்டிப் பார்த்தாலும் ஒரு பாடம் இருக்கிறது. வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன். தொழிலால் வழக்கறிஞர். 1971-ல் இலங்கையிலிருந்து நீந்தித் தமிழகக் கரையைத் தொட்டு, அப்படியே திரும்பி நீந்தி 51 மணி நேரத்தில் ஊர் சேர்ந்தவர். அடுக்கடுக்காகக் கின்னஸ் சாதனைகள் செய்தவர். அவர் 1984 ஆகஸ்டில் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்க முயன்றபோது அந்தக் குளிர்நீரில் உயிரிழந்தார். ஆனானப்பட்ட ஆனந்தனையே கடல் எடுத்துக்கொண்டது என்றால், நேற்று நீச்சல் கற்றவர் எம்மாத்திரம்?

அப்படியானால் கடலுக்கே போகாதே என்பதுதான் முடிவா? அங்கேதான் தர்க்கம் வழுக்குகிறது. நீச்சல் தெரியாததால் கடல் தூரப் போய்விடாது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-ல் மட்டும் உலகில் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் டிரையத்லானுக்குப் பயிற்சி செய்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? குளித்தவர்கள், விளையாடிய பிள்ளைகள், வெள்ளத்தில் சிக்கியவர்கள்தான் பெரும்பாலும். 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை கொட்டியது. அன்று யாரும் தண்ணீரைத் தேடிப் போகவில்லை, தண்ணீர் வீட்டைத் தேடி வந்தது. தெருவுக்குள் படகு கொண்டுவந்து ஆட்களை மீட்டது யார்? கடலில் இறங்கத் தெரிந்த மீனவர்கள். ஒரே நாளில் அவ்வளவு மழை கண்ட ஊர் நீச்சலை ஆடம்பரம் என்று சொல்லலாமா?

முத்துக்குளிப்பவர்கள் ஆபத்தை எப்படிக் கையாண்டார்கள் என்று பாருங்கள். குளிப்பவர் ஒருவர் என்றால், மேலே படகில் கயிற்றைப் பிடிக்க இன்னொருவர். அவர் கயிற்றை விட்டால் கீழே இருப்பவர் கதை முடிந்தது. அதனால்தான் கயிறு பிடிக்க மச்சானை வைப்பார்கள், தங்கச்சி தாலி அறுபடக் கூடாது என்று அவன் கயிற்றை விடமாட்டான் என்று கடற்கரையில் சொல்வார்கள். கதையோ நிஜமோ, அதற்குள் இருக்கும் பாதுகாப்பு விதி நூறு சதவீதம் நிஜம். மார்க்கோ போலோ 13ஆம் நூற்றாண்டில் இந்தக் கடலின் முத்துக்குளிப்பைப் பற்றி எழுதியதில் ஒரு விவரம் உண்டு. சுறாவைக் கட்ட மந்திரம் போடுபவர்களுக்குக் கிடைத்ததில் 20-ல் ஒரு பங்கு கொடுத்தார்களாம். மந்திரத்தில் நம்பிக்கை இல்லாவிட்டால் போகட்டும், வரவுசெலவில் அது என்ன? பாதுகாப்புக்கு 5 சதவீத ஒதுக்கீடு! எழுநூறு வருடத்துக்கு முன் பாதுகாப்புக்கு வருமானத்தில் பங்கு ஒதுக்கிய கடற்கரையில், இன்று ஒரு டியூப், ஒரு கயிறு, ஒரு ஆள் நிறுத்தக் காசில்லையாம்.

கடல் ஆபத்து என்பவர்கள் உண்மையில் கேட்க வேண்டியது கயிறு. கடலை மூடச் சொல்லிக் கேட்பதில் பயனில்லை.

பெண்களுக்கும் சேர்த்துத்தான்

"ஆம்பிளைப் பிள்ளைகளுக்கே இல்லையாம், இதில் இவங்க வேறயா" என்று யாராவது ஆரம்பிப்பதற்கு முன்பே சொல்லிவிடலாம். இதே மன்னார் வளைகுடாவில், பாம்பன் பக்கம், பெண்கள் கடலில் மூழ்கிப் பாசி சேகரித்துக் குடும்பம் நடத்துகிறார்கள். அவர்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015-ல் சீகாலஜி என்ற சர்வதேசப் பரிசே கிடைத்தது. புடவைக்கு மேல் சட்டை, கண்ணுக்கு ஒரு கண்ணாடி, காலுக்கு ஒரு செருப்பு. அவ்வளவுதான் அவர்களின் உபகரணம்.

உடையைக் காரணம் காட்டுவதும் இனி எடுபடாது. உடல் முழுவதும் மூடும் நீச்சல் உடை கடையிலேயே கிடைக்கிறது. வெளிநாடுகளில் குளிர்நீரில் நீந்துபவர்கள் பலரும் கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடித்தான் நீந்துகிறார்கள். பெண்கள் தனியாக நடக்க முடுக்கு வைத்துத் தெரு அமைத்த ஊர் காயல்பட்டினம். தனி வழி வேண்டும் என்று அன்று யோசித்து, இடம் ஒதுக்கி, கட்டியும் முடித்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்குப் பெண்களுக்கென ஒரு தனி நேரம், ஒரு தனி நீச்சல் குளம் யோசிக்க முடியாதா? பெங்களூரில் வளர்ந்த அனு வைத்தியநாதன் 2009-ல் கனடாவில் அல்ட்ராமேன் போட்டியை முடித்தார். 10 கி.மீ. நீச்சல், 420 கி.மீ. சைக்கிள், 84 கி.மீ. ஓட்டம். அவர் முழுநேர விளையாட்டு வீராங்கனை கிடையாது. பொறியியலில் ஆராய்ச்சி, சொந்தத் தொழில் என்று எல்லாவற்றுக்கும் நடுவில் செய்தது.

கைதட்டல் வேறு, கைகொடுத்தல் வேறு

இந்த விஷயத்தில் தமிழ்நாட்டுக்கே ஒரு பழைய கடன் பாக்கி இருக்கிறது. குற்றாலீஸ்வரன் ஞாபகம் இருக்கிறதா? 1994-ல் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் பாக்கு நீரிணை, ஆங்கிலக் கால்வாய் உட்பட ஒரே ஆண்டில் ஆறு நீர்ப்பரப்புகளைக் கடந்து, மிஹிர் சென் 1966-ல் ஐந்து கடந்த சாதனையை முறியடித்த பையன். பத்திரிகைகள் கொண்டாடின. அர்ஜுனா விருதும் வந்தது. பிறகு? செலவுக்கு ஆதரவாளர்கள் கிடைக்காமல் நீச்சலை விட்டுப் படிப்புப் பக்கம் போனார். ஜெயித்த பிறகு மாலை போட ஆயிரம் பேர், ஜெயிப்பதற்கு முன்னால் படகு வாடகை கொடுக்க ஒருவர் இல்லை.

கோவாவில் 2019 அக்டோபரில் முதல் முறையாகப் பாதி அளவு அயர்ன்மேன் நடந்தபோது, முதலில் வந்தவர் பிஸ்வர்ஜித் சாய்கோம் என்ற ராணுவ வீரர். ஏன் ராணுவம்? அங்கே குளம் உண்டு, பயிற்சியாளர் உண்டு, காலையில் எழுப்பிவிட ஆள் உண்டு. திறமை எங்கும் இருக்கிறது. ஏற்பாடு சில இடங்களில் மட்டும்தான் இருக்கிறது.

காயல்காரர்கள் ஊருக்குச் செய்யாதவர்கள் இல்லை. எந்த நாட்டில் பத்துக் குடும்பம் சேர்ந்தாலும் ஒரு நல மன்றம் ஆரம்பித்து, படிப்புக்கும் மருத்துவத்துக்கும் அள்ளிக் கொடுக்கும் ஊர் இது. மருத்துவத்துக்குக் கொடுக்கும் பணத்தில் சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் எவ்வளவை விழுங்குகின்றன என்று அவர்களே ஒரு தடவை கணக்குப் பார்க்கலாம். களறிச் சாப்பாட்டையும் வட்டலப்பத்தையும் யாரும் நிறுத்தப் போவதில்லை, நிறுத்தவும் வேண்டாம். வரவு அதே அளவில் இருந்தால் செலவைக் கூட்டித்தானே ஆக வேண்டும்? உடம்புக்கும் அதே பேரேடுதான்.

முதல் முறை இறங்குபவருக்கு

ஊரைத் திட்டிவிட்டு ஆளை விட்டுவிட்டால் அது ஓரவஞ்சனை. இறங்கப் போகிறவர்களிடமும் குறை உண்டு. முதலில் சைக்கிள் வாங்குவது, பிறகு வாட்ச் வாங்குவது, பிறகு போட்டிக்குப் பணம் கட்டுவது, கடைசியாக, போட்டிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது நீச்சல் கற்கப் போவது. முழுக்கத் தலைகீழ் வரிசை. 90 பேருக்கு எங்கே நேர்ந்தது என்று மேலே பார்த்தோமே!

சரியான வரிசை இதுதான். முதலில் ஒரு மருத்துவரிடம் போய் இதயத்தைப் பரிசோதித்துக் கொள்ளுங்கள், முப்பத்தைந்து தாண்டியவர்கள் கட்டாயம். அடுத்து நீச்சல். குளத்திலோ கிணற்றிலோ ஒருவர் துணையோடு மூச்சு சீராகும் வரை. பிறகு கடல். கடலில் தரையில் கோடு போட்டிருக்காது, சில கை வீச்சுக்கு ஒரு முறை தலையைத் தூக்கிக் கரையில் ஒரு மினாராவையோ பனை மரத்தையோ குறி பார்த்து நீந்தப் பழக வேண்டும். இறங்குவதற்கு முன் மீனவர் ஒருவரிடம் கேளுங்கள். இன்று நீவாடு, அதாவது நீரோட்டம், வடக்கே இழுக்கிறதா தெற்கே இழுக்கிறதா, சொறி இருக்கிறதா என்று அவருக்குத் தெரியும். எந்த ஆப்பிலும் அது வராது. முத்துக்குளிப்பை வருடத்தின் முதல் பாதியில், கடல் அமைதியான மாதங்களில்தான் வைத்தார்கள். கடல் நீச்சலைத் தொடங்கவும் அதுவே காலம். தனியாக மட்டும் ஒருநாளும் இறங்காதீர்கள்.

சைக்கிள் எளிது, கச்சான் காற்று வீசும் மாதங்கள் தவிர. கன்னியாகுமரி நோக்கி அந்த எதிர்க்காற்றில் மிதித்துப் பழகியவருக்கு கோவா மேடு ஒன்றும் செய்யாது. சைக்கிளிலிருந்து இறங்கிய உடனே ஓடிப் பாருங்கள், கால் அடுத்தவருடையது போல இருக்கும். அதற்கென்றே வாரம் ஒரு நாள் மிதித்த கையோடு ஓடிப் பழக வேண்டும். தூரத்தைச் சிறுகச் சிறுகக் கூட்டுங்கள், இந்த வாரம் 5, அடுத்த வாரம் 15 என்று தாவினால் முட்டிதான் மிஞ்சும். நோன்பு மாதத்தில் கடும் பயிற்சி வேண்டாம், திறந்த பிறகு மெல்ல ஓடினால் போதும். வெயிலில் வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் லிட்டராகக் குடிப்பதும் ஆபத்து. ரத்தத்தில் உப்பு குறைந்து மயக்கம், வலிப்பு வரை போகும். உப்பளத்துக்கு நடுவே வாழ்ந்துகொண்டு உப்புக் குறைந்து மயங்கி விழுந்தால் ஊர் சிரிக்காதா? ஒரு சிட்டிகை உப்பு, ஒரு துண்டு உடன்குடி கருப்பட்டி. வெளிநாட்டுப் பொட்டலத்தில் வருவதும் சர்க்கரையும் உப்பும்தான்.

ஊர் செய்ய வேண்டியது

பெரிய ஸ்டேடியம் எதுவும் வேண்டாம். கடற்கரையில் மிதவை கட்டி ஒரு நீச்சல் பகுதி. காலையில் இரண்டு மணி நேரம் ஒரு படகு, கடல் தெரிந்த ஒரு மீனவருக்குக் கௌரவமான சம்பளம். ஐந்தாம் வகுப்புக்குள் எல்லாப் பிள்ளைக்கும் நீச்சல். ஆணுக்குத் தனி நேரம், பெண்ணுக்குத் தனி நேரம், பெண்ணுக்குப் பெண்ணே ஆசிரியர். கால்பந்துக்குக் கோப்பை வைத்தது போல, வருடத்துக்கு ஒருமுறை கடல் அமைதியாக இருக்கும்போது ஒரு போட்டி. முதலில் குட்டித் தூரம் போதும். யாருடைய வணிகச் சின்னமும் வேண்டாம், ஊர்ப் பெயரே போதும். உலகத்துக்கு முத்தை அனுப்பிய பெயர் அது, 73 கோடி டாலர் கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

இதைச் செய்ய ஆகும் செலவு, ஒரு பெரிய கல்யாண விருந்தின் செலவைத் தாண்டாது. செய்யாமல் விட்டால் ஆகும் செலவை எந்தக் கணக்குப்பிள்ளையாலும் எழுத முடியாது. அது சில வீடுகளில் பிள்ளையின் போட்டோவாகச் சுவரில் தொங்கும்.

இறங்கத் தயாராக யாராவது ஒருவர் இந்த ஊரிலும் இருப்பார். கயிற்றைப் பிடிக்கத்தான் ஆள் வேண்டும்.